கதை வேண்டாம், நெசமா நடந்தது வேணும்: 13 வயசுப் பொண்ணுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

நொய்யல்கரை · ஞாயிறு, இரவு 9.10

வணக்கமுங்க. திருப்பூர்ல இருந்து எழுதறேன். எங்க பாப்பாவுக்கு அடுத்த மாசம் 13வது பொறந்தநாள் வருது. எட்டாவது, தமிழ் மீடியம். படிக்கறதுல ஆசை இருக்கு, ஆனா கதைப் புத்தகம் குடுத்தா பத்துப் பக்கம் தாண்டறதில்லை. "இது நெசமா நடந்துச்சாம்மா?"ன்னு கேக்கறா. இல்ல சாமி, கதைதான்னு சொன்னா மூடி வெச்சுடறா.

அவங்கப்பா நிட்டிங் மெஷின் மெக்கானிக்குங்க. போன வாரம் கரண்ட் போன நேரத்துல அவர் பையில இருந்த மெஷின் புத்தகத்தை எடுத்துட்டுப் போயி வாசப்படியில உக்காந்து பாத்துட்டு இருந்தா. ஊசி எப்படி ஏறி எறங்குது, நூல் எப்படி வளையமாகுதுன்னு படம் போட்டிருக்கும். ராத்திரி சாப்பிட உக்காந்தப்ப விரல்ல நூலைச் சுத்திக் காட்டி, "ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம் பூந்து பூந்து வர்றதுதாம்மா பனியன் துணி, இதை நெய்யறதே இல்லை"ன்னு எனக்குப் பாடம் எடுத்தா. 18 வருஷமா செக்கிங் வேலை பாக்கறேன். எனக்கு இதை யாரும் இப்படிச் சொல்லிக் குடுத்ததில்லை.

அவ பெரியப்பா ஆசையா நாலு சுயமுன்னேற்றப் புத்தகம் வாங்கிட்டு வந்தாரு. ரெண்டே நாள்ல அலமாரிக்குப் போயிருச்சு. ஏன்டின்னு கேட்டா, "எல்லாப் பக்கத்துலயும் என்னையத் திருத்தப் பாக்குதும்மா"ங்கறா.

நெசமா நடந்ததா இருக்கணும், தமிழ்ல இருக்கணும், மொத்தமா 1,500 ரூபாய்க்குள்ள. எதை வாங்கலாம்னு சொல்லுங்க.

கிளைநூலகர்_ஓய்வு · ஞாயிறு, இரவு 10.35

அம்மா, நூலக மேசைக்குப் பின்னால் 31 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது வாக்கில் கதை அடுக்கை விட்டு நகர்வார்கள். அப்போது அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகங்களும்தான் இருக்கும். பிள்ளை அடுக்குகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போய்விடும். பிறகு வேலைக்குப் பரீட்சை எழுதுகிற வயதில்தான் மறுபடி உள்ளே வரும். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

13வது பிறந்தநாள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் இரண்டு புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. இரண்டுமே ஒரு பெண்பிள்ளையின் 13வது பிறந்தநாளில் தொடங்குகிறவை.

முதலாவது நேருவின் கடிதங்கள். 1930 அக்டோபரில் அவர் நைனி சிறையில் இருந்தார். மகள் இந்திராவின் பிறந்தநாளுக்குச் சிறையிலிருந்து என்ன பரிசு அனுப்ப முடியும்? கடிதம் எழுதினார். அது 1933 வரை நீண்டு 196 கடிதங்களாகி, உலக வரலாறாகவே ஆகிவிட்டது. ஓ.வி.அளகேசன் 'உலக சரித்திரம்' என்று தமிழாக்கினார். ஆனால் அது தடிமனான நூல், இப்போதே கையில் திணிக்க வேண்டாம். அதற்கு முன்பு, 1928 கோடையில் இந்திரா முசூரியில் இருந்தபோது, 10 வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதிய 30 கடிதங்கள் சிறு நூலாக உண்டு. பூமி உண்டானது, உயிர்கள் வந்தது, மனிதன் பேசக் கற்றது என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம். ஒரு சங்கதியை மட்டும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அது எழுதப்பட்டு நூறு ஆண்டு ஆகப்போகிறது, ஆதி மனிதரைப் பற்றி அதற்குப் பிறகு தெரியவந்தது ஏராளம். எங்கெங்கே மாறியிருக்கிறது என்று அவளே தேடிப் பார்க்கட்டும்.

இரண்டாவது ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பு. 1942 ஜூன் 12, அவளுடைய 13வது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டு அது. மூன்றரை வாரம் கழித்து, நாஜிகளிடம் சிக்காமலிருக்க அந்த யூதக் குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் அலுவலகக் கட்டடத்துக்குப் பின்கட்டில் ஒளிந்துகொள்கிறது. 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபடும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே கால் வைக்கவில்லை. அந்த நோட்டில் யுத்தமும் இருக்கும், உருளைக்கிழங்கு உரிப்பதும் இருக்கும், அம்மாவோடு போட்ட சண்டையும் இருக்கும். உங்கள் மகளுக்கு இதைக் கொடுத்தால் ஒரு பெரியவர் சொல்லிக்கொடுக்கிற குரலே அதில் கேட்காது. எழுதியவளுக்கும் அதே வயது.

இலக்கு_ஐநூறு · ஞாயிறு, இரவு 11.02

தப்பா நினைக்காதீங்க மேடம். நானும் பொண்ணு வெச்சிருக்கறவன்தான். இன்னும் ரெண்டு வருஷத்துல பத்தாவது. இந்த வயசுல படிக்கற நேரமே கொஞ்சம். கலாம் ஐயா எழுதின அக்னிச் சிறகுகள் ஒண்ணு வாங்குங்க, மிச்சப் பணத்துக்குப் பொது அறிவுப் புத்தகமும் ஆங்கிலம் பேசப் பழகற புத்தகமும் வாங்குங்க. நாளைக்கு உதவும். சுயமுன்னேற்றப் புத்தகத்தையும் ஒரேயடியா ஒதுக்காதீங்க. எங்க வீட்ல படிச்ச முதல் ஆள் நான். எனக்கு வழி சொல்ல யாருமே இல்லாதப்ப அந்த மாதிரிப் புத்தகம் ஒண்ணுதான் தூக்கி நிறுத்துச்சு.

சாக்பீஸ் · திங்கள், காலை 6.20

இலக்கு சார், உங்களுக்கு அது உதவியதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அது உங்களுக்கு 13 வயதில் கிடைத்ததா, வேலை தேடும்போது கிடைத்ததா? வழி தேடுகிறவனுக்கு வழிகாட்டி தேவை. இந்தப் பிள்ளை இன்னும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கான வயது இதுதான்.

அக்னிச் சிறகுகளை நானும் வழிமொழிகிறேன். மேடம், அதைக் கொடுக்கும்போது கனவு காண்பதைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால் ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிய சிறுவனைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதல் தடவை ஏவப்பட்டுக் கடலில் விழுந்த நாள். எந்த இடத்தில் கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அதில் வரும். 1980 ஜூலை 18 அன்று ஜெயித்ததை எல்லாருக்கும் தெரியும். என் வகுப்புப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது விழுந்த கதையைத்தான்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் நோட்டுத் தாளை மடித்துக் கிண்ணம் செய்து, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மெழுகுவத்திக்கு மேலே பிடித்தேன். எல்லாரும் தாள் பற்றிக்கொள்ளும் என்று பெஞ்சைப் பின்னால் தள்ளினார்கள். தண்ணீரில் குமிழி வந்ததே தவிர தாள் எரியவில்லை. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, தாள் பற்ற 200 டிகிரிக்கு மேல் வேண்டும், தாளுக்கு வரும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்கிறது. நான் விளக்கி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், இந்த மாதிரி இன்னும் எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்றான். அவன் அதுவரை பாடநூலைத் தவிர எதையும் தொட்டதில்லை.

அவனுக்குக் கொடுத்தது பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. ருஷ்ய மொழியில் 1913இல் வந்த புத்தகம். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்துக் கப்பலில் அனுப்பிய காலத்தில் என் அண்ணன் வாங்கியது, அட்டை பெயர்ந்துவிட்டது. பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். உங்கள் பாப்பா நிட்டிங் மெஷின் படத்தைப் பார்க்கிற பிள்ளை. விட்டால் விடிய விடியப் படிப்பாள்.

இன்னொன்று. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுப் பையன் வில்லியம் கம்க்வம்பா. 2001-02 பஞ்சத்தில் பீஸ் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு நின்றவன். ஊரில் இருந்த சின்ன நூலகத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தைப் பார்க்கிறான். ஆங்கிலம் சரியாக வராது, படங்களை வைத்துப் புரிந்துகொள்கிறான். சைக்கிள் சட்டம், டைனமோ, டிராக்டர் விசிறி, நெருப்பில் காட்டித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாய், இவற்றை வைத்துக் காற்றாலை கட்டி வீட்டில் பல்பு எரிய வைத்தான். அப்போது அவனுக்கு 14 வயது. 2009இல் புத்தகமாக வந்தது. இளையோருக்கென்று எளிய ஆங்கிலத்தில் தனிப் பதிப்பும் உண்டு. இலக்கு சார், ஆங்கிலம் பழகுவதற்கும் இதைக் கொடுக்கலாமே. படிக்கப் பொருள் இருந்தால் மொழி தானே வரும்.

இலக்கு_ஐநூறு · திங்கள், காலை 7.05

எனக்கு அது 22 வயசுல கிடைச்சது சார். நீங்க கேட்டது நியாயம். அந்த காத்தாடிப் பையன் புத்தகத்தை என் பொண்ணுக்கும் வாங்கறேன்.

மணிமுத்தாறு · திங்கள், மதியம் 1.40

ஆன் ஃபிராங்க் வேண்டாங்கிறது என் கருத்து. அந்தப் பிள்ளை கடைசியில முகாமில் செத்துப்போகுது. என் மகன் படிச்சுட்டு ஒரு வாரம் ராத்திரி விளக்கை அணைக்க விடலை. 13 வயசுக்கு அவ்வளவு பாரம் எதுக்கு?

பனங்கூடல் · திங்கள், இரவு 8.15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மணிமுத்தாறு சொல்வதை விளங்கிக்கொள்கிறேன். ஆனால் என்னுடைய அனுபவம் வேறு.

1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது 14. பிறகு கிளிநொச்சிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். பள்ளிக்கூடம் மரத்துக்குக் கீழே. எங்கள் ஆங்கில ரீச்சர் கையில் அட்டை இல்லாத ஒரு புத்தகம் வைத்திருந்தா. பின்னேரங்களில் ஒரு பக்கத்தை வாசித்து, தமிழில் சொல்லுவா. அது ஆன் ஃபிராங்க். ஆன் தன்னுடைய பள்ளிக்கூடப் பையில் முதலாவதாக இந்த நோட்டைத்தான் வைத்தாள் என்ற இடம் வந்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொருவரும் என்ன எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம் என்று அன்றைக்குத்தான் முதன்முதல் கதைத்தோம். நான் எடுத்தது தங்கச்சியின் தண்ணிப் போத்தல். அதுவரை வீட்டில் யாரும் அந்த இரவைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

பிள்ளை பயப்படும் என்பது உண்மை. தனியே விட்டால்தான் அந்தப் பயம் பெருக்கும். ரீச்சர் பக்கத்தில் இருந்தா, அதனால் எங்களால் கேட்க முடிந்தது. அம்மா, நீங்களும் அந்தப் புத்தகத்தை வாசியுங்கோ. மகள் வாசிக்கிற அதே வாரத்தில் வாசியுங்கோ. அவள் ஒரு இடத்தில் நிப்பாட்டினால் ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கட பக்கத்தில் இருந்து ஒரு புத்தகம் சொல்கிறேன். டொமினிக் ஜீவாவின் தன்வரலாறு, 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. யாழ்ப்பாணத்தில் முடி திருத்தும் தொழில் செய்துகொண்டே எழுத்தாளராகி, 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி பல பத்தாண்டுகள் நடத்தியவர். சாதியின் பேரில் பட்ட அவமானத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 13க்குச் சிலது கடினம், 15, 16க்குச் சரியாக இருக்கும். இலங்கைப் புத்தகங்கள் அங்கே கடையில் கிடைக்காவிட்டால் 'நூலகம்' இணையத்தளத்தில் தேடிப் பாருங்கோ. 1981இல் எங்கட பொது நூலகம் எரிந்ததைப் பற்றி என் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.

மணிமுத்தாறு · திங்கள், இரவு 9.30

அக்கா, நீங்க எழுதினதை என் மகன்கிட்டயும் வாசிச்சுக் காட்டினேன். நான் அந்தப் புத்தகத்தைப் படிக்காமத்தான் அவன்கிட்ட குடுத்தேன். இந்த வாரம் எடுக்கிறேன்.

கல்லூரி_முதலாண்டு · செவ்வாய், இரவு 12.15

அக்கா அண்ணன் எல்லாருக்கும் வணக்கம். நான் இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கேன், அந்த வயசு ஞாபகம் இன்னும் இருக்கு. ஒரு விஷயம் சொல்லணும். டீனேஜ்ல எங்களுக்குக் கோபம் வரும். வீட்ல, ஸ்கூல்ல, தெருவுல ஏன் இப்படி இருக்குன்னு. அதுக்குப் பதில் சொல்ற புத்தகம் யாரும் குடுக்கமாட்டாங்க. அமைதியா இருன்னு சொல்ற புத்தகந்தான் வரும்.

நான் படிச்ச சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ ஆங்கிலப் பாடத்துல பாமாவோட ஒரு பகுதி இருந்துச்சு, அவங்க தன் வாழ்க்கையை எழுதின 'கருக்கு' புத்தகத்துல இருந்து எடுத்தது. ஸ்கூல் விட்டு வர்ற சின்னப் பிள்ளை, தெருவுல ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில படாம கயித்தைப் புடிச்சுத் தூக்கிட்டுப் போறதைப் பாத்துச் சிரிக்கும். வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட சொல்லும். அண்ணன் சிரிக்கமாட்டார். அவர் ஏன் அப்படித் தூக்கிட்டுப் போனார்னு சொல்லுவார். அந்த இடத்துல நான் புத்தகத்தை மூடிட்டு எங்க ஊர் டீக்கடையை நினைச்சேன். அப்புறம் லைப்ரரில தமிழ்ல முழுசா எடுத்துப் படிச்சேன். 1992ல வந்த புத்தகம்.

13க்கு கருக்கு கொஞ்சம் சீக்கிரம்னு நினைச்சா, அம்பேத்கர் எழுதின 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' குடுங்க. மொத்தமே ஒரு சின்னப் புத்தகம். 1901ல நடந்த சம்பவத்துல தொடங்குது. அவருக்கு அப்ப 10 வயசு இருக்கும். அப்பாவைப் பாக்கப் போற சந்தோஷத்துல புதுச் சட்டை, சரிகைத் தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு பிள்ளைங்க முதல் தடவை ரயில் ஏறுவாங்க. மசூர் ஸ்டேஷன்ல இறங்கினா கூட்டிட்டுப் போக யாரும் வரலை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாத்தான் விசாரிப்பார். தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கி வெச்ச மகார் சாதின்னு தெரிஞ்சதும் முகமே மாறிடும். வண்டிக்காரன் யாரும் ஏத்தமாட்டான். கடைசில ரெண்டு மடங்கு கூலிக்கு ஒருத்தன் ஒத்துக்குவான், ஆனா பிள்ளைங்களே ஓட்டணும், அவன் நடந்து வருவான். கூடை நிறையச் சாப்பாடு இருக்கும், குடிக்கத் தண்ணி யாரும் தரமாட்டாங்க. அதனால சாப்பிடாமலே படுப்பாங்க. அவர் அதைக் கத்தாம எழுதியிருக்கார். அதான் தாங்க முடியலை.

படம் வேணும்னா இதே சம்பவங்களைக் கோண்டு ஓவியத்துல வரைஞ்ச பீமாயணம் இருக்கு, 2011ல வந்தது.

கோடைமழை · செவ்வாய், காலை 10.50

எல்லாரும் மனுஷரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வால்பாறையில் இருக்கிறேன், காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாமா?

ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்', தி.ஜ.ர. மொழிபெயர்த்தது. மொழிபெயர்ப்பு என்று சொன்னால்தான் தெரியும், தமிழ் அவ்வளவு சரளம். சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது. 1907இல் கார்பெட் அதைச் சுட்டார். சுட்ட பிறகு வாயைத் திறந்து பார்க்கிறார். வலப்பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருக்கின்றன, யாரோ எப்போதோ சுட்ட குண்டினால். இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதனிடம் வந்தது. வேட்டைக் கதை என்று படிக்க உட்காருகிற பிள்ளை எழுந்திருக்கும்போது புலியின் பக்கம் நின்றுகொண்டிருப்பாள்.

பறவை ஆய்வாளர் சலீம் அலியும் சிறுவயதில் துப்பாக்கியில்தான் தொடங்கினார். சுட்டுத் தள்ளிய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போகிறார். அங்கே மில்லார்டு என்கிற வெள்ளைக்காரச் செயலாளர் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டுகிறார். பையனை அவர் திட்டி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

தமிழிலேயே எழுதப்பட்டது வேண்டுமென்றால் மா.கிருஷ்ணன். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். சின்னச் சின்னக் கட்டுரைகள். எங்கே திறந்தாலும் படிக்கலாம். பாஸ்கரன் எழுதிய 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' 15 வயதுக்கு மேல் கொடுங்கள். காட்டுயிர் பற்றித் தமிழில் பேசச் சொற்கள் இருக்கின்றன என்பதையே நான் அதில்தான் தெரிந்துகொண்டேன். என் மகளிடம் மொட்டை மாடியில் வந்து உட்காருகிற பறவையைக் காட்டி "கரிச்சான்" என்று சொன்ன நாள் நினைவிருக்கிறது. பெயர் தெரிந்த பிறகு அவள் அதைத் தினமும் தேடினாள்.

தெற்குவாசல் · செவ்வாய், மாலை 5.25

உ.வே.சா.வின் என் சரித்திரத்தை இன்னும் யாரும் சொல்லவில்லையே!

சாக்பீஸ் · செவ்வாய், மாலை 6.10

பெரிய புத்தகம், பழைய நடை. என் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். ஊர் வரலாறும் முன்னோர் வரலாறும் தாண்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கிளைநூலகர்_ஓய்வு · செவ்வாய், இரவு 9.00

ஐயா, முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னதுதான் பிழை. அது 1940 முதல் ஆனந்த விகடனில் வாரம் வாரம் வந்த தொடர். அத்தியாயங்கள் சிறியவை, நடுவில் எங்கும் நுழையலாம்.

நான் பிள்ளைகளுக்கு இரண்டு வாசல் காட்டுவேன். ஒன்று, 1871இல் 16 வயதுப் பையன் அப்பாவோடு மாயூரம் போய் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பார்க்கும் இடம். பாடம் சொல்லிக்கொடுப்பாரா மாட்டாரா என்று அந்தப் பையன் தவிக்கும் தவிப்பு, கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கிற நம் பிள்ளைகளின் தவிப்பேதான். வேங்கடராமன் என்ற அவன் பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியதும் அந்த ஆசிரியர்தான்.

இன்னொன்று 1880, கும்பகோணம். கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தாயிற்று, 25 வயது. ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெருமையோடு அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்கிறார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். தமிழில் இத்தனை வருடம் ஊறியவர் அந்த நூல்களைக் கண்ணால் பார்த்ததில்லை. ஏழு வருடம் கழித்து, 1887இல், அதே சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அந்த உரையாடலில் அவர் தனக்கு நேர்ந்ததை மூடி மறைக்கவில்லை. என் கிளையில் இந்த அத்தியாயத்தைப் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் முழுப் புத்தகத்தையும் கேட்டு வந்தார்கள். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, முதலில் அந்த அத்தியாயங்களை மட்டும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பு வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள் அம்மா. நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு இடத்தில் மூச்சு முட்டினால் வைத்துவிடுங்கள். புத்தகம் எவ்வளவு பேர்போனதானாலும் பிள்ளை அந்தத் தமிழைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அட்டையின் மூலையில் 'சுருக்கம்' என்று பொடியாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தெற்குவாசல் · செவ்வாய், இரவு 9.20

மனித குல வரலாற்றைச் சொல்கிற 'சேப்பியன்ஸ்' தமிழில் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சாக்பீஸ் · செவ்வாய், இரவு 9.45

16க்குப் பிறகு, கூடவே டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்' சேர்த்து. முதலாவது உலகம் முழுக்க ஒரே வீச்சில் பறக்கும், இரண்டாவது நம்மூர் மண்ணில் என்ன ஆதாரம், மரபணு என்ன சொல்கிறது என்று நிதானமாகக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்தக் கூற்றுக்கு ஆதாரம் இருக்கிறது, எது ஆசிரியரின் அபிப்பிராயம் என்று பிரித்துப் பார்க்கப் பழகுவார்கள்.

நொய்யல்கரை · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.40

எல்லாருக்கும் நன்றிங்க. என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் வந்தேன்.

புத்தகக் கடைக்கு அவளையே கூட்டிட்டுப் போனேன். ஐயா சொன்ன மாதிரி நடுப்பக்கத்தைத் தொறந்து வாய்விட்டுப் படிச்சா. கடைக்காரர் முதல்ல ஒரு மாதிரி பாத்தாரு, அப்புறம் ஸ்டூல் எடுத்துப் போட்டுட்டாரு. ரெண்டு புத்தகத்தை அவளே வேண்டாம்னு வெச்சுட்டா. வாங்குனது அஞ்சு: ஆன் ஃபிராங்க், அம்பேத்கர், குமாயுன் புலிகள், நேரு கடிதம், மா.கிருஷ்ணன். 1,500ல மிச்சங்கூட இருந்துச்சு. பெரெல்மான் புத்தகம் கடையில கெடைக்கல, கிளை நூலகத்துல சொல்லி வெச்சிருக்கேன்.

நேரு கடிதம் ஆறோட நிக்குது. மா.கிருஷ்ணன் அங்கங்க தொறந்து பாக்கறா. புலிப் புத்தகத்தை மூணு நாள்ல முடிச்சுட்டா. சம்பாவத் புலியோட பல்லைப் பத்தி அவங்கப்பாகிட்ட சொல்லிட்டு, "மெஷின்ல ஒரு ஊசி ஒடஞ்சா துணி பூரா கோடு விழுகுமில்லப்பா, அது மாதிரி"ன்னா. அவரு ரெண்டு நாளா இதைக் கம்பெனில எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காரு.

ஆன் ஃபிராங்க்கை நானும் படிக்கறேன். யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதால. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கம்பெனில பத்துப் பக்கம். நான் இன்னும் பாதி தாண்டலை, அவ முடிச்சுட்டா. அழுகலை. கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் ஏன் ஒண்ணும் எழுதலைன்னு கேட்டா. சொன்னேன். அன்னிக்கு ராத்திரி எங்கூட வந்து படுத்துக்கிட்டா.

அம்பேத்கர் புத்தகத்துலதான் என்னைய ரொம்பக் கேள்வி கேட்டா. அப்பாவுக்குப் போட்ட லெட்டர் ஏன் போய்ச் சேரலை, சேர்ந்திருந்தா வண்டி வந்திருக்குமில்ல, அப்ப அந்த ஸ்டேஷன் மாஸ்டர் எப்பவுமே நல்லவராவே தெரிஞ்சிருப்பாரில்லன்னு. நான் பதில் சொல்லாம யோசிச்சுட்டு இருந்தேன். அவ மறுபடி கேட்டா, "நம்ம தெருவுல யாருக்காச்சும் தண்ணி குடுக்கமாட்டாங்களாம்மா?" எனக்குத் தெரிஞ்சதை மறைக்காம சொன்னேனுங்க. என் சின்ன வயசுல எங்க ஊர்ல ரெண்டு டம்ளர் இருந்துச்சு. அதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

இப்ப அவ கேக்கறது: திருப்பூருக்கு மொதல் பனியன் மெஷின் எப்ப வந்துச்சு, யாரு கொண்டாந்தாங்க, அப்ப கையில சுத்துவாங்களா, அதுல வேலை செஞ்ச பொம்பளைங்க யாரு? இதுக்குப் புத்தகம் வேணுமாம்.

கிளைநூலகர்_ஓய்வு · ஞாயிறு, இரவு 9.15

அம்மா, இதற்கு இரண்டு வேலை செய்யலாம். மாவட்ட மைய நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள், பழைய மாவட்ட விவரச் சுவடிகளும் நூற்பாலை மலர்களும் அங்கேதான் கிடக்கும். இரண்டாவது, உங்கள் வீட்டுக்காரருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் யாராவது இருப்பார் அல்லவா?

நொய்யல்கரை · ஞாயிறு, இரவு 9.32

இருக்காருங்க. எழுபத்தெட்டு வயசு, காது கொஞ்சம் மந்தம், ராயபுரத்துல மகன் வீட்ல இருக்காரு. அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டுப் போறோம். நோட்டு ஒண்ணு வாங்கியாச்சு. கேள்வியெல்லாம் இப்பவே எழுதி வெச்சுட்டா, இருபத்திமூணு வந்திருக்கு.